முதல் ஆராதனையில் வாசிக்காத அறிவிப்பு

கிறிஸ்துமஸ் தாத்தாவின் முகமூடி எங்கள் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது. வீடு வீடாகப் போய்ப் பாடுகிற கேரல் ரவுண்ட்ஸுக்குச் சபையில் செயலாளராக இருப்பவனுக்குக் கிடைக்கிற ஒரே சொத்து அது. டிசம்பர் பிறந்தால் அதை இறக்கி, பஞ்சுத் தாடியை உதறி, உள்பக்கத்தை ஈரத் துணியால் துடைக்க வேண்டும். எத்தனை துடைத்தாலும் போகாத ஒரு வாசனை அதில் உண்டு. ரப்பரும் முகப்பவுடரும் பல வருஷத்து வியர்வையும் கலந்த வாசனை. இந்த வருஷம் அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போனில் ஒரு செய்தி வந்தது. முடிச்சூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் அனுப்பியிருந்தார். கேரல் குழுவுக்கு கிளப் ஹவுஸில் மாலை ஏழு பத்திலிருந்து ஏழு இருபத்தைந்து வரை அனுமதி. டிரம் கூடாது. வெளிச் சாப்பாடு கூடாது.

ஏழு பத்தாம். தாம்பரத்திலிருந்து பீச்சுக்குப் போகிற லோக்கல் ரயிலுக்குத்தான் இப்படி நேரம் போடுவார்கள், அதுவே அந்த நேரத்துக்கு வராது. தேதியும் நேரமும் சரியாக இருக்க வேண்டும் என்று ஊரையே நச்சரிக்கிறவன் நான். சபையில் எனக்குக் ‘காலண்டர்’ என்று பெயர். அப்படிப்பட்ட எனக்கே எரிச்சலாக வந்தது. முகமூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மூக்குக்கு நேரே அந்த வாசனை. வாசனை வந்தால் ஜெயசிங் அண்ணனும் வந்துவிடுவார்.

ஜெயசிங் அண்ணன் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு நினைவு தெரிந்து அவர்தான் எங்கள் சபையின் கிறிஸ்துமஸ் தாத்தா. வேறு யாராவது போட்டுக்கொள்ளட்டுமே என்று எந்தக் கமிட்டியும் கேட்டதில்லை, கேட்டாலும் அவர் கொடுத்திருக்க மாட்டார். அவருக்கு இரண்டு விசுவாசங்கள். ஒன்று ஞாயிற்றுக்கிழமை தெரியும். இன்னொன்று நாலு வருஷத்துக்கு ஒரு முறை தெரியும். அது அர்ஜென்டினா. 1986-இல், பெருங்களத்தூரில் யாரோ ஒருவர் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்று, புள்ளி புள்ளியாகத் தெரிந்த டிவியில் அந்த நாடு கோப்பையை வாங்கியதைப் பார்த்திருக்கிறார். அதற்கப்புறம் அவருக்கு வேறு நாடு கிடையாது. அந்தக் கோப்பையில் ஒரு கோல் கையால் போட்டதுதானே, பாவம் பாவம்தானே, விசுவாசியான நீங்கள் எப்படி அந்த டீமைப் பிடித்துக்கொண்டு திரியலாம் என்று நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

“பேதுரு மூணு தடவ இயேசுவ மறுதலிச்சாரு. அவர வுட்டுட்டாங்களா? நீ போய் உன் காலண்டரப் பாரு” என்றார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு 2022-இல் உலகக் கோப்பையை நவம்பர், டிசம்பரில் வைத்தால் என்ன ஆகும்? டிசம்பர் இருபத்தைந்து என்ற தேதியே சபை பல காலம் கழித்து உட்கார்ந்து முடிவு செய்தது என்று படித்திருக்கிறேன். அந்தப் பெரியவர்கள் இப்படி ஒரு சிக்கல் வரும் என்று எதிர்பார்த்திருக்க நியாயமில்லை. அந்த நவம்பர் இருபத்தேழு, அட்வெந்து முதல் ஞாயிறு, அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு ஞாயிறுகளில் முதலாவது. அவரவர் வீட்டு மாடியில் நட்சத்திரம் ஏறுகிற நாள். ஜெயசிங் அண்ணன் வீட்டில் ஏறியது வெளிர் நீலமும் வெள்ளையும் பட்டை பட்டையாக ஒட்டிய நட்சத்திரம். குழந்தை இயேசுவைத் தேடி நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்து வந்த சாஸ்திரிகள் இதைப் பார்த்திருந்தால் பெத்லகேமுக்குப் போகாமல் நேரே பியூனஸ் அயர்ஸுக்குப் போயிருப்பார்கள் என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. முதல் ஆட்டத்திலேயே சவுதியிடம் தோற்ற அதிர்ச்சி இன்னும் போகாத நேரம் அது. அடுத்த ஞாயிறு ஜெப விண்ணப்பங்களில், நோயாளிகளுக்கும் பரீட்சை எழுதுகிறவர்களுக்கும் பிறகு, “அண்ணன் மனதிலிருக்கும் ஒரு காரியத்துக்காக” என்று போதகர் வாசித்தார். அது என்ன காரியம் என்று சபையில் தெரியாதவர் யாரும் இல்லை. பின்வரிசையில் டிரம் வாசிக்கிற சாம் மட்டும் ‘ஆமென்’ சொல்லவில்லை. அவன் பிரேசில்.

கேரல் ரவுண்ட்ஸ் அட்டவணையை அக்டோபரிலேயே போட்டுவிடுவோம். முடிச்சூர் தூரம் என்பதால் கடைசி ஞாயிற்றுக்கு வைப்பது வழக்கம். மாலை ஏழு மணிக்குக் கிளம்பி ஒவ்வொரு வீடாகப் பாடிக்கொண்டே போய் எஸ்தர் அக்கா வீட்டில் முடிப்போம். அந்த வருஷம் அது டிசம்பர் பதினெட்டு. இறுதி ஆட்டமும் பதினெட்டு, இரவு எட்டரை. அர்ஜென்டினா இறுதிக்கு வந்துவிட்டது என்று புதன்கிழமையே தெரியும். ஆனால் வாரம் முழுக்க யாரும் வாய் திறக்கவில்லை. கர்த்தரோ கால்பந்துச் சங்கமோ யாராவது ஒருவர் தேதியை மாற்றுவார்கள் என்று காத்திருந்தார்கள் போலிருக்கிறது. கடைசியில் ஞாயிறு காலை, முதல் ஆராதனை முடிந்து இரண்டாம் ஆராதனை தொடங்குவதற்குள், பாதாம் மரத்தடியில் நின்றபடி ஒரு கமிட்டி கூடியது. கேரலைப் பிற்பகல் மூன்று மணிக்கே ஆரம்பித்துவிடலாம் என்றார் ஜெயசிங் அண்ணன். வெயிலில் யாராவது மெழுகுவர்த்தி பிடித்துக்கொண்டு பாடுவார்களா என்று நான் கத்தினேன். போதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவரும் மனிதர்தானே. மூன்று மணி என்று முடிவானது. இரண்டாம் ஆராதனையில் அறிவிப்பு வாசித்தார்கள்.

முதல் ஆராதனை அதற்குள் முடிந்து அவரவர் வீட்டுக்குப் போயாகிவிட்டது. எஸ்தர் அக்கா முதல் ஆராதனைக்காரர்.

எஸ்தர் அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முடிச்சூர்க்காரர், கணவர் இல்லை. ஒரே மகளைப் படப்பையில் கட்டிக்கொடுத்திருந்தார். விடியற்காலையில் நடக்கிற அந்த முதல் ஆராதனை முடிந்ததும் பொத்தேரியில் ஒரு மாணவர் மெஸ்ஸுக்குச் சமைக்கப் போய்விடுவார், பொழுது சாய்ந்துதான் திரும்புவார். 2015 டிசம்பரில் ஏரித் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது மகள் பிரசவத்துக்கு வந்திருந்த நேரம். மொட்டை மாடியிலிருந்து நிறைமாத மகளைப் படகில் இறக்கினார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தால் வருஷா வருஷம் கேரலுக்கு வருகிறவர்களுக்கு என் வீட்டில் சாப்பாடு என்று மாடியில் நின்றே பொருத்தனை பண்ணிக்கொண்டாராம். அந்த வருஷம் முடிச்சூர்ப் பக்கம் போவதா வேண்டாமா என்று நாங்கள் தயங்கினோம். சேறு வழித்துக்கொண்டிருப்பவர்கள் முன்னால் போய்ப் பாடுவது சரியாகப் படவில்லை. அக்கா நேரே கமிட்டிக்கு வந்து நின்றார்.

“மாட்டுத் தொழுவத்துல பொறந்தவருக்கு, சேறு கீற வூடு ஆவாதா?” என்றார். போனோம். பாய்கூட இல்லாத வீட்டில் நின்றபடி கட்டங்காப்பி குடித்தோம். அடுத்த வருஷத்திலிருந்து இட்லியும் வடகறியும். ஊற்றி ஊற்றி எடுத்துக்கொண்டே இருப்பார், போதும் என்று கையைக் கவிழ்த்தால் கோபித்துக்கொள்வார்.

பதினெட்டாம் தேதி பிற்பகலைப் பற்றி நினைத்தால் இப்போதும் எனக்குத் தலை வலிக்கிறது. உச்சி வெயில் முழுசாக இறங்காத முடிச்சூர்த் தெரு. சிவப்பு அங்கியும் முகமூடியுமாக ஜெயசிங் அண்ணன் ஆடிக்கொண்டு முன்னால் போகிறார். அங்கிக்கு உள்ளே நீல வெள்ளை ஜெர்சி, வியர்வையில் பட்டைகள் வெளியே தெரிகின்றன. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுத் தூக்கத்திலிருந்து எழுந்து வந்த வீட்டுக்காரர்கள் லுங்கியை இறுக்கிக்கொண்டு கண்ணைக் கசக்குகிறார்கள். ஒருவர் டிரம் சத்தத்தைக் கேட்டுவிட்டு, “இன்னா சார், எலெக்‌ஷனா?” என்றார். இரவின் அமைதியைப் பற்றிய பாட்டை நாங்கள் ஐஸ்கிரீம் வண்டி மணியோடு போட்டி போட்டுப் பாடினோம். எல்லாப் பாட்டும் இரட்டை வேகம். ஒரு வீட்டில் ஜெபத்தில் ‘ஆமென்’ வருவதற்குள் பாதிப் பேர் அடுத்த வீட்டு வாசலில் இருந்தார்கள்.

எஸ்தர் அக்கா வீடு பூட்டியிருந்தது. பூட்டிய வீட்டின் முன்னால் ஒரே ஒரு சரணம் பாடிவிட்டுப் போவது எங்கள் வழக்கம். அந்த வீட்டுக்கு முன்னால் அதைப் பாடுவோம் என்று நான் நினைத்ததே இல்லை. அக்காவுடைய பட்டன் போனுக்கு அடித்தேன், மெஸ் சமையல்கட்டு இரைச்சலில் எடுக்கவில்லை. “சாயங்காலம் நான் சொல்லிக்கறேன், நீ வா” என்றார் ஜெயசிங் அண்ணன். சாயங்காலம் வந்தது. அவர் சபை மன்றத்தில் திரை கட்டுவதில் இருந்தார். கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு வாங்கிய வெள்ளைத் துணி அது. எழுப்புதல் கூட்டத்துக்குக்கூட அந்த மன்றம் அப்படி நிரம்பி நான் பார்த்ததில்லை.

ஆட்டத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியும். இடைவேளைக்குள் அர்ஜென்டினா இரண்டு கோல். பிரான்ஸ்காரர்கள் வழி தப்பி மைதானத்துக்கு வந்தவர்கள் மாதிரி நின்றார்கள். ஜெயசிங் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு துடைத்துக்கொண்டு சிரித்தார். முப்பத்தாறு வருஷம். அப்போது என் போன் அடித்தது. எஸ்தர் அக்கா.

“தம்பி, எந்தத் தெருல வந்துகினு கீறீங்க? இட்லி ஊத்தலாமா?”

என்ன சொல்வது? பாடிவிட்டோம் அக்கா, வீடு பூட்டியிருந்தது என்றா? வந்துகொண்டே இருக்கிறோம் என்று சொல்லி வைத்துவிட்டேன். மன்றத்தில் விஷயத்தைச் சொன்னேன். யாரும் எழவில்லை. ஆட்டம் முடியட்டும் அண்ணா, முடிந்ததும் ஓடிவிடலாம் என்றார்கள். முடிந்ததும் போனால் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார் என்றேன். “ஏழு வருஷமா ஊத்துறாங்கடா” என்றேன். எல்லார் கண்ணும் திரையில்.

ஜெயசிங் அண்ணன் எழுந்தார். நாற்காலியில் தொங்கிய சிவப்பு அங்கியை எடுத்து ஈரத்தோடு மாட்டிக்கொண்டார்.

“ரெண்டு கோல் லீடு. இதுக்கு மேல நான் பாத்தாதான் ஜெயிப்பானுங்களா? வா” என்றார். இரண்டாம் பாதிக்கு விசில் ஊதியாகிவிட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கூட வந்தது, கால்பந்தில் அக்கறையில்லாத பாடகர் குழுப் பெண்கள் மூன்று பேர், நான், அப்புறம் சாம். அர்ஜென்டினா கோப்பை வாங்குவதைப் பார்க்காமல் இருக்க ஒரு வழி கிடைத்ததென்று அவன் டிரம்மைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக வந்தான்.

அக்கா வாசலில் கோலம் போட்டு, நட்சத்திரத்துக்கு விளக்குப் போட்டு, இலைக் கட்டை நனைத்து வைத்திருந்தார். “மீதிப் பேர்லாம்?” என்றார். பின்னால் வருகிறார்கள் என்றார் தாத்தா. கிறிஸ்துமஸ் தாத்தா பொய் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். பாடினோம். இரண்டாம் பாட்டின் நடுவில் பக்கத்து வீட்டு டிவியிலிருந்து ஒரு கூச்சல். அது அடங்குவதற்குள் இன்னொன்று. சாம் டிரம் தட்டுவதை நிறுத்தாமலே போனை எட்டிப் பார்த்தான். “அண்ணா, ரெண்டுக்கு ரெண்டு” என்றான். அவன் முகத்தில் சந்தோஷம் இருந்திருக்க வேண்டும், ஆனால் இல்லை.

முகமூடிக்குள் என்ன நடந்தது என்று தெரியாது. பாட்டு முடிந்ததும் மூத்தவர் ஜெபிக்க வேண்டும். அவர் முகமூடியைத் தலைக்கு மேல் தள்ளிவிட்டுக் கண்ணை மூடினார். இப்போது ஜெபத்தில் வரும் அர்ஜென்டினா என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். இரண்டு வாரமாக நோயாளிகளுக்கு அடுத்தபடியாக அதை நிறுத்தி வைத்திருந்த மனிதர். அவர் அக்காவுக்காக ஜெபித்தார். படப்பையிலிருக்கும் மகளுக்காக, பிள்ளைக்காக, ஏரி கரை உடையாமலிருக்க, மெஸ்ஸில் சாப்பிடுகிற பிள்ளைகளுக்காக ஜெபித்தார். அவசரமில்லாமல், ஒவ்வொன்றாக. பக்கத்து வீட்டில் யாரோ தலையில் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. அவர் குரல் மாறவில்லை. அர்ஜென்டினா வரவில்லை. ‘ஆமென்’ என்றார். சாமும் சொன்னான்.

பிறகு உட்கார்ந்து சாப்பிட்டோம். கூடுதல் நேரம், மூன்றுக்கு மூன்று, பெனால்டி என்று செய்தி ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தது. அண்ணன் வடகறியை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. ஆறு பேர் எவ்வளவுதான் சாப்பிட முடியும்? அக்கா ஆவி பறக்கும் அண்டாவையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார்.

வந்தார்கள். பெனால்டியில் அர்ஜென்டினா ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில், மன்றத்திலிருந்தவர்கள் எல்லாரும், ஹாரன் அடித்துக்கொண்டு, கத்திக்கொண்டு, ஒரு பைக்கில் மூன்று பேராக. ஒருவன் நீல வெள்ளைத் துணியைப் போர்த்தியிருந்தான். இருவர் ஜெயசிங் அண்ணனைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். “பாட்டு பாடாம இன்னாடா ஆட்டம்” என்று அக்கா அதட்ட, அத்தனை பேரும் அங்கேயே நின்று, தொண்டை கிழிந்த குரலில், பிறப்பின் பாட்டைப் பாடினார்கள். சுருதியும் இல்லை, தாளமும் இல்லை. நான் வெறுத்துப் போய்ச் சுவரில் சாய்ந்திருந்தேன். இட்லி அண்டா காலியானது.

கிளம்பும்போது அக்கா என்னிடம் சொன்னார்: “இந்த வருசந்தான் தம்பி பாட்டு நல்லா இருந்திச்சி. பொறந்துட்டாருன்ற சேதியே இன்னிக்குத்தான் வந்தா மாதிரி பாடுனாங்கோ.”

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். ஜெயசிங் அண்ணன் என் காலை மிதித்தார்.

அந்த ஆட்டத்தின் இரண்டாம் பாதியை அவர் பிறகு போனில் பார்த்திருக்கிறார். எப்படி இருந்தது என்று கேட்டேன். ஈஸ்டருக்கு மறுநாள் பெரிய வெள்ளிப் பிரசங்கம் கேட்கிற மாதிரி இருந்தது என்றார். இப்போது அவர் கோயம்புத்தூரில் மகன் வீட்டில். முட்டி தேய்ந்துவிட்டது. டிசம்பர் வந்தால், முகமூடியைத் துடைத்தாயா என்று கேட்க மட்டும் போன் செய்வார். உலகக் கோப்பை பழையபடி ஜூனுக்கே போய்விட்டது. சாம் வளைகுடாவில் இருக்கிறான். எஸ்தர் அக்கா வீட்டை விலைக்குக் கொடுத்துவிட்டு மகளோடு படப்பைக்குப் போய்விட்டார். அங்கே வேறு சபை. அவர் வீடு இருந்த முடிச்சூர்த் தெருவில்தான் ஏழு பத்துக்கு எங்களுக்கு அனுமதி தந்திருக்கிற குடியிருப்பு நிற்கிறது.

ஏழு பத்து என்ற அந்த அறிவிப்பை இரண்டு ஆராதனையிலும் வாசிக்க வேண்டும் என்று போதகரிடம் சொல்லிவிட்டு, விடியற்காலையிலேயே போய் நானே பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். தெளிவாகத்தான் வாசித்தார். தேதி, நேரம், எல்லாம் சரி. அதைக் கேட்டுவிட்டு அரிசி ஊறப்போட வேண்டியவர்தான் அங்கே இல்லை.