பயிற்சிக்கு முன், பயிற்சிக்குப் பின்

என் சின்ன மாமா திக்கிப் பேசுவதை இதுவரை நான்கு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். அவர் சரளமாகப் பேசுவதையும் அதே நான்கு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். இரண்டும் ஒரே மாலையில் எடுத்தவை. சரளமாகப் பேசியதைத்தான் முதலில் எடுத்தார்கள். அது அந்த நான்கு லட்சம் பேருக்குத் தெரியாது.

மாமாவுக்குப் பேருந்து நிலையத்தின் பார்சல் அறையில் வேலை. பெட்டியைத் தராசில் ஏற்றுவார். எடையை முள் சொல்லிவிடும். சீட்டை ஒட்டுவார். பதினோரு வருடமாக வாய்க்கு வேலையே இல்லை. டிரைவர்கள் அவருக்கு வைத்த பெயர் கிக்கர். பழைய ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்புவதுபோல முதல் எழுத்திலேயே நிற்பாராம். "என்ன கிக்கர், இன்னிக்கு எத்தனை உதையில ஸ்டார்ட் ஆகும்?" என்று கேட்காமல் யாரும் மூட்டையை இறக்க மாட்டார்கள். வீட்டில் அவருடைய அக்கா, அதாவது என் அம்மா, மட்டும் சளைத்தவளா? "நீ தண்ணி கேட்டு முடிக்கிறதுக்குள்ள எனக்கு நாக்கு வறண்டுடுதுடா" என்பாள்.

பார்சல் அறைக்கு மேலே ஒரு கண்ணாடி அறை இருக்கிறது. பேருந்து வருவதையும் புறப்படுவதையும் அங்கிருந்துதான் மைக்கில் அறிவிப்பார்கள். அறிவிப்பாளர் ஓய்வு பெறப்போகிறார் என்று தெரிந்ததும் மாமா அடிக்கடி அண்ணாந்து அந்த அறையைப் பார்க்க ஆரம்பித்தார். மேலாளர் அதைக் கவனித்துவிட்டு, "வாயைச் சரி பண்ணிட்டு வாப்பா, மைக்கை உன் கையிலயே தர்றேன்" என்றார். சுற்றி நின்றவர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். மாமா மறுநாளே மருந்துக்கடை மாடியில் இருந்த பேச்சுப் பயிற்சி தெரபிஸ்டிடம் போய் உட்கார்ந்தார்.

அவர் இளம் பெண். கெட்டிக்காரர். ஆனால் மாமாவைச் சேர்த்து மூன்றே பேர்தான் அவரிடம் வந்துகொண்டிருந்தார்கள். திக்குபவர் சொல்ல வந்ததை மற்றவர் முடித்து வைக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. எவ்வளவு நேரமானாலும் கண்ணைப் பார்த்தபடி காத்திருப்பார். மாமாவுக்காக அப்படிக் காத்திருந்த முதல் ஆள் அவர்தான். மூச்சை விட்டுக்கொண்டே சொல்லைத் தொடங்க வேண்டும், முதல் எழுத்தை மெல்ல இழுக்க வேண்டும். எட்டு மாதம் இதே பாடம். ஒருநாள் மாமா மேலாளரிடம் போய், "சார், நான் ரெடி" என்றார். தங்குதடையே இல்லை. மேலாளர் அசந்துபோய்த் திங்கட்கிழமை சோதனைக்கு வரச் சொன்னார்.

அதைக் கேட்டுத் தெரபிஸ்டுக்குக் கண் கலங்கிவிட்டது. "இதை ஒரு வீடியோவாப் போட்டா நாலு பேருக்குத் தெரியும். போடலாமா?" என்று கேட்டார். மாமாவுக்கு மறுக்க மனம் வரவில்லை. சனிக்கிழமை மாலை, வட்ட விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து, "பயணிகளின் கவனத்திற்கு" என்று தொடங்கி ஒரு முழு அறிவிப்பையும் சொன்னார். ஒரே தடவையில் சரியாக வந்தது.

பிறகு தெரபிஸ்ட் போனைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "முதல் நாள் எடுத்ததுல சத்தமே பதியல. ஒண்ணும் நினைச்சுக்காதீங்க, ஒரே ஒரு தடவை, முன்னாடி பேசின மாதிரியே பேசிக் காட்டுங்களேன்."

மாமா சிரித்துக்கொண்டே செய்து காட்டினார். அது டிரைவர்கள் அவரைப்போலப் பேசிக் காட்டுவதுபோல இருந்தது.

"நம்புற மாதிரி இல்லையே. கழுத்து நரம்பு தெரியணும். கண்ணை இறுக்கி மூடுவீங்களே, அதுவும் வேணும். தலையைக் கலைச்சுக்கோங்க. ம், இன்னொரு தடவை."

ஆறு தடவை சரியாக வரவில்லை. ஏழாவது தடவை "ப" தொண்டையில் மாட்டிக்கொண்டது. நரம்பு புடைத்தது, கண் மூடியது, எச்சில் தெறித்தது. "இதேதான்! அருமை!" என்று தெரபிஸ்ட் கை தட்டினார். அந்த ஏழாவது நடிப்பு இல்லை என்பது மாமாவுக்கு மட்டும் தெரிந்தது. கிளம்பும்போது நன்றி சொல்லப் பார்த்தார். வரவில்லை. கும்பிட்டுவிட்டு வந்தார்.

வீடியோ அன்றைக்கே ஊரெல்லாம் சுற்றியது. ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு டிரைவர் அதில் மாமா திக்கும் முதல் பாதியை ரிங்டோனாகவே வைத்துவிட்டான்.

திங்கட்கிழமை மாமா கண்ணாடி அறையில் உட்கார்ந்தார். மைக்கைப் போட்டார்கள். "ப" என்றார். நிலையம் முழுவதும் ஒலிபெருக்கிகளில் நாற்பது விநாடி அந்த ஒரு எழுத்து மட்டும் கேட்டது. பயணிகள் அண்ணாந்து பார்த்தார்கள். பலர் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். மேலாளர் மைக்கைப் பிடுங்கினார். "வீடியோவுல அவ்வளவு நல்லாப் பேசினியே! இங்க வந்து யாருகிட்ட நடிக்கிற? என்னைக் கேலிக்கூத்தாக்கவா வந்த?" மாமா பதில் சொல்ல வாயைத் திறந்தார். "போதும், எறங்கு" என்றார் மேலாளர். அன்று மாலையே மைக் வேறொருவருக்குப் போனது.

இதையெல்லாம் மாமா பார்சல் சீட்டுகளின் பின்பக்கம் எழுதித்தான் எங்களுக்குச் சொன்னார். அம்மா அதைப் படித்துவிட்டு, "இனிமே உன் கையெழுத்தாவது நல்லா வரும்" என்றாள். பிறகு சமையலறைக்குப் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

மறுவாரம் மாமா மருந்துக்கடை மாடிக்குப் போனார். உட்கார இடமில்லாத கூட்டம். அவரைப் பார்த்ததும் தெரபிஸ்ட் பதறிப்போய் அறைக்கு வெளியே நடைக்கு இழுத்துவந்தார். வீடியோவை நீக்கிவிடச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியத்துக்கு மாமாவுக்கு ஒன்றரை நிமிடம் ஆனது. தெரபிஸ்ட் இடையில் ஒரு சொல்லையும் முடித்து வைக்கவில்லை. கண்ணைப் பார்த்தபடி பொறுமையாகக் காத்திருந்தார். மாமா முடித்த பிறகு சொன்னார்:

"அது முடியாதுங்க. உள்ள இருக்கிற குழந்தைங்க எல்லாம் உங்களை நம்பித்தான் வந்திருக்காங்க. உங்களுக்கு நான் மறுபடியும் பயிற்சி தர்றேன், ஒரு பைசா வேண்டாம். ஆனா காலையில எட்டு மணிக்கு முன்னாடி வாங்க. பின்பக்கப் படி வழியா வாங்க. யார்கிட்டயும் பேச்சுக் கொடுக்காதீங்க."

பின்பக்கப் படியை நோக்கித் திரும்பியபோது ஒரு பெண் வழிமறித்தாள். அவள் கையைப் பிடித்தபடி ஓர் ஆறு வயதுச் சிறுமி. "அண்ணே, நீங்கதானே அது! பாருடி கண்ணு, இந்த மாமா மாதிரி நீயும் பேசப்போற. அண்ணே, இவளுக்கு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க."

மாமா இருமினார். தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார். சிறுமி அவர் கண்ணைப் பார்க்கவில்லை, கழுத்தையே பார்த்தாள்.

"அ... அ... அம்மா, இவருக்கும் வ... வ... வரல."

பளாரென்று ஓர் அறை விழுந்தது. "பெரியவங்களையே கிண்டல் பண்றியா? நல்லாப் பேசுற மனுஷனைப் பார்த்து?"

அடிக்காதீங்க என்று சொல்லத்தான் மாமா வாயைத் திறந்தார். முதல் எழுத்து கிளம்புவதற்குள் இரண்டாவது அறையும் விழுந்துவிட்டது. உள்ளேயிருந்து கூப்பிட்டதும் தாயும் மகளும் போய்விட்டார்கள். அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, ஆளில்லாத நடையில் நின்று அந்தச் சொல்லைச் சொல்லி முடித்தார்.