உலை ஏறினால் கார் நிற்கும்

கம்ப்யூட்டர் கடை வைத்தவனைக் கல்யாண வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிட விடுவதில்லை. இலையில் சாம்பார் விழும் நேரம் பார்த்து, "தம்பி, பையன் கேம் ஆடணும்னு ஒரே அழுகை. டெஸ்க்டாப் வாங்கட்டுமா, லேப்டாப் வாங்கட்டுமா?" என்று பக்கத்து நாற்காலிக்காரர் ஆரம்பித்துவிடுவார். இந்தத் தொழிலில் அடிபட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மோர் வரைக்கும் சொன்னாலும் தீராத பதில் அது.

அந்தக் கேள்வியோடு என் பழக்கம் ஆரம்பித்தது இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருஷங்களில், கும்மிடிப்பூண்டியில். ஆர்.கே.பேட்டைக்காரனான நானும், கூடப் படித்த பழவேற்காட்டு ஷாகுலும் சேர்ந்து சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில் ஒரு கடை போட்டோம். இடம் ஷாகுலின் மூத்த அண்ணனுடையது. முன்பக்கம் விற்பனையும் சர்வீஸும். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கேம்ஸ் ரூம். அதில் ஆறு டெஸ்க்டாப்புகள். சென்னை ரிச்சி தெருவில் பார்ட் பார்ட்டாக வாங்கி, மின்சார ரயிலில் மானிட்டரை மடியில் வைத்துக் கொண்டுவந்து, ஒவ்வொரு ஸ்குரூவையும் நானே முடுக்கிச் சேர்த்தவை. ஷிப்ட் முடிந்தவர்கள் சட்டையில் ஆயில் வாசனையோடு வந்து உட்கார்ந்து கார் பந்தயம் ஓட்டுவார்கள். கடை எப்படிப் போனாலும் போகட்டும், அந்த ரூம் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது.

காற்று யாருக்கு

கிராபிக்ஸ் கார்டு போட்ட மிஷின் சூடாகும் என்பது எல்லா ஊருக்கும் பொது. எங்கள் ஊரில் அதோடு இரும்புத் தூளும் சேரும். சுற்றிலும் உருக்காலைகள், ரோலிங் மில்கள். வாரம் ஒரு முறை கேபினெட்டைத் திறந்தால் உள்ளே ஃபேன் றெக்கையில் கறுப்பாக ஒரு அடை படிந்திருக்கும். புளோயர் வைத்து ஊதினால் என் மூக்குக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். கோடை வந்ததும் நான் பொறுமை இழந்து, ஆறு மிஷினுக்கும் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, இரண்டு டேபிள் ஃபேனை அவற்றின் வயிற்றைப் பார்த்துத் திருப்பி வைத்தேன்.

கார்கள் அதற்குப் பிறகு தடங்கல் இல்லாமல் ஓடின. ஓட்டியவர்கள்தான் வேர்வையில் குளித்தார்கள். அவர்களில் ஏழுமலை முக்கியமானவன். ரோலிங் மில்லில் கிரேன் ஓட்டுபவன். எங்கள் ரூமில் அவன் காரை முந்தியவர்கள் இல்லை. ஒரு நாள் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஆடினான். "கொஞ்சம் பொறுத்துக்கப்பா, மிஷின் சூடு தாங்காது" என்றேன். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான்:

"எங்க மில்லுலயும் இதே கததாண்ணே, ஃபேனு மோட்டாருக்குத்தான்."

பஞ்சு மெத்தை

எங்கள் தெருவுக்கு முதல் லேப்டாப்பைக் கொண்டுவந்தவன் ஜான்சன். ஒரு கம்பெனியில் குவாலிட்டி செக்ஷனில் இருந்தான். அவன் அப்பா அம்மா வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். மகன் மடியில் கம்ப்யூட்டர் இருப்பதைப் பார்க்கச் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்து போனார்கள். அதை அவன் டர்க்கி டவலில் சுற்றித்தான் எடுத்து வருவான். அதுவரை எங்கள் டெஸ்க்டாப்பில் ஆடிக்கொண்டிருந்தவன், ‘பெட்டி எல்லாம் பழசுண்ணே’ என்று சொல்ல ஆரம்பித்தான். எனக்கு அது சுருக்கென்றது.

ஒரு நாள் அதே டவலோடு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். கேம் ஆரம்பித்துப் பாதி ஆட்டத்தில் கார் இழுத்து இழுத்துப் போகிறதாம், பிறகு மொத்தமாக அணைந்துவிடுகிறதாம். உள்ளுக்குள் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம், மறைப்பானேன். கீழே திருப்பினால் காற்று போகிற சந்து முழுக்க இலவம் பஞ்சு. புதுசாயிற்றே, கட்டாந்தரையில் வைத்தால் கீறல் விழும் என்று, புதுத் தலையணை வாங்கி அதன்மேல் வைத்து ஆடியிருக்கிறான். சூடு வெளியே போக வழியில்லாமல் அது மூச்சு முட்டி மயங்கியிருக்கிறது. பஞ்சை எடுத்துச் சுத்தம் செய்து, அடியில் பலகை வைத்து ஆடச் சொன்னேன். ஜான்சன் லேப்டாப்பைத் தடவிக்கொண்டே சொன்னான்:

"நான் பாயிலதாண்ணே படுக்கறேன், இதுக்காச்சும் மெத்தையா இருக்கட்டும்னு பாத்தேன்."

ஆறிப்போன நாஷ்டா

ஏழுமலைக்கு நைட் ஷிப்ட் வாரத்தில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் மில் கேட்டிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில் "ஒரே ஒரு ஆட்டம்ணே" என்று நுழைவான். ஒரு ஆட்டம் எப்போது ஒன்றோடு நின்றிருக்கிறது? ஒரு நாள் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் டிபன் கேரியர், பேக்கிங் கம்பெனி யூனிஃபார்ம். அவன் மனைவி ராணி.

நான் முன்னால் போய் ஏதோ சமாளிக்கப் பார்த்தேன். அவள் என்னைத் தாண்டி உள்ளே போய், ஏழுமலை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "இன்னாத்த அமுக்கணும்?" என்று கேட்டாள். அவன் நான்கு பட்டனைக் காட்டினான். முதல் ஆட்டத்தில் சுவரில் மோதினாள். அடுத்ததில் வேலிக்குள் போனாள். மூன்றாவதில் ஏழுமலையை வளைவில் ஒதுக்கித் தள்ளிவிட்டு முதலாவதாக வந்து எழுந்து நின்றாள். ரூமே கை தட்டியது. அவள் கேரியரை அவன் கீபோர்டு மேல் வைத்தாள்.

"இவ்ளோதானா? இதுக்கா டெய்லி நாஷ்டா ஆறிக்கினு கீது?"

பெரிய பாயின் கணக்கு

ஷாகுலின் அண்ணனை நாங்கள் எல்லோரும் பெரிய பாய் என்போம். பழவேற்காட்டில் அவர்கள் குடும்பம் பல தலைமுறையாக வியாபாரம். எது எப்போது விலை போகும் என்று அவருக்கு மூக்கிலே தெரியும். ஜான்சனின் லேப்டாப்பைத் தெருவே வேடிக்கை பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடித்து வந்தவர், தடுப்புப் பலகையைத் தட்டிப் பார்த்தார். அதை எடுத்துவிட்டுக் கண்ணாடி அலமாரி போட்டு லேப்டாப் அடுக்கலாம் என்றார். அதாவது, கேம்ஸ் ரூமை மூடு.

ஷாகுல் தன் அண்ணன் முன்னால் வாய் திறக்க மாட்டான். நான்தான் பேசினேன். லேப்டாப்பில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது, சூடு தாங்காது, கேம் என்றால் டெஸ்க்டாப்தான், நம் பெட்டிக்கு முன்னால் அது நிற்காது என்று மூச்சு விடாமல் அடுக்கினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அமைதியாகச் சொன்னார்:

"வாயில சொன்னா ஆச்சா தம்பி? ரெண்டையும் என் கண்ணு முன்னால ஓட்டிக் காட்டு. உன் பொட்டி ஜெயிச்சா ரூமு இருக்கட்டும், தோத்தா எடுத்துரு."

உலை ஏறியது

இங்கே எங்கள் ஊர் சமாச்சாரம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பின்தெரு உருக்காலையில் உலையைப் போட்டால் எங்கள் வரிசையில் வோல்டேஜ் பாதாளத்துக்கு இறங்கும். டியூப் லைட் கண்ணடிக்கும், டெஸ்க்டாப்புகள் படபடவென்று அணையும். யூ.பி.எஸ். வைத்திருந்தோம்; இரும்புத் தூள் தின்ற அதன் பாட்டரி, கரண்டு போன செய்தியைக் கூவிச் சொல்வதோடு கடமையை முடித்துக்கொள்ளும். அதனால் எங்கள் ஊரில் கேம் ஆடுகிறவன் பஞ்சாங்கம் பார்ப்பதுபோல உலை நேரம் பார்ப்பான். பந்தயத்துக்கு நேரம் குறித்தது ஏழுமலை. "ஞாயித்துக்கெழம மதியானம் வைய்ண்ணே. அன்னிக்கு மெயிண்டனன்ஸு. உலை போட மாட்டாங்க. விசாரிச்சிட்டேன்" என்று அடித்துச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை நிற்க இடமில்லை. ராணிகூட வந்திருந்தாள். பெரிய பாய் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்தார். ஜான்சன் லேப்டாப்பில் ஆட்டத்தைத் தொடங்க, ஏழுமலை எங்கள் நல்ல டெஸ்க்டாப்பில் சேர்ந்துகொண்டான். நான் சொன்னதெல்லாம் அப்படியே நடந்தது. ஏழுமலையின் கார் வழுக்கிக்கொண்டு பறந்தது. ஜான்சனுடையது வளைவுக்கு வளைவு திணறியது. கடைசிச் சுற்று வந்தபோது ஏழுமலை கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருந்தான். நான் பெரிய பாயைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தேன். அப்போது டியூப் லைட் கண்ணடித்தது.

அவசர ஆர்டராம், மெயிண்டனன்ஸைத் தள்ளிப் போட்டுவிட்டு உலையை ஏற்றிவிட்டார்களாம், பிறகு தெரிந்தது. ஆறு திரையும் இருண்டன. யூ.பி.எஸ்.கள் கூவின. ஜன்னல் இல்லாத அந்த ரூமின் இருட்டில் ஜான்சனின் லேப்டாப் மட்டும் வெளிச்சமாக இருந்தது. ஆனால் பாட்டரிக்கு மாறியதும் அது சிக்கனம் பிடிக்க ஆரம்பித்துவிட்டது. கார் நகர்ந்தது, நின்றது, படம் படமாக நகர்ந்தது. ரூம் மொத்தமும் அந்தச் சின்னத் திரையைப் பார்க்க ஜான்சன் முதுகில் ஏறி நின்றது. ஜெயிக்க இருந்த ஏழுமலையே ஜான்சன் தோளைப் பிடித்துக்கொண்டு, "வுடாத மச்சான், லெப்டுல ஒடி, இன்னும் கொஞ்சம்தான்" என்று கத்தினான். அந்தக் கார் எல்லைக் கோட்டைத் தொட்டபோது எழுந்த கூச்சலில் எதிர் டீக்கடைக்காரர் ஓடி வந்தார்.

சட்டப்படி நான் தோற்றுவிட்டேன். நாளைக்குப் பெட்டிகளைக் கழற்ற வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். பெரிய பாய் ஸ்டூலிலிருந்து எழுந்தார். இருட்டில், வேர்வையில், எழுந்து போகாமல் அந்தப் பந்தயத்தையே வளைவு வளைவாகப் பேசிக்கொண்டிருந்த கூட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கரண்டு போயி சாமானே ஓடல, ஒருத்தனும் கெளம்பலியே! இந்த மாதிரி ஜனம் குந்தற கடைய எவனாச்சும் மூடுவானா? லேப்டாப்ப முன்னால அடுக்கிக்கலாம், இது கெடக்கட்டும்."

பிளக் பாயிண்ட்

ரூம் பிழைத்தது. ஆனால் அன்றைக்கு நடந்ததை ஊர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. கார் எவ்வளவு திணறியது என்பதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். உலை ஏறியும் நிற்காத கம்ப்யூட்டர் என்ற பேச்சு மட்டும் சிப்காட் முழுக்கப் பரவியது. ஒவ்வொருவராக வந்து, "ஜான்சன் வச்சிக்கினு கீற மாதிரி" என்று கேட்டு வாங்கிப் போனார்கள். வர வர லேப்டாப்பிலும் நல்ல கிராபிக்ஸ் வந்துவிட்டது. நானே விற்றேன், நானே பில் போட்டேன், விற்க விற்க என் ரூமில் ஆள் குறைந்தது. ஏழுமலையும் ராணியும் சேர்ந்து வந்து ஒன்று எடுத்துப் போன அன்று, அவன் மிஷினின் முன்னால் காலி நாற்காலியைப் பார்த்துவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம், நைட் ஷிப்ட் முடிந்த ஏழுமலை வாசலில் நின்றான். கையில் லேப்டாப். ரிப்பேராக்கும் என்று ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். அவன் நேராகத் தன் பழைய நாற்காலியில் போய் உட்கார்ந்து, டெஸ்க்டாப்பை ஓரமாகத் தள்ளி, அதன் பிளக்கைப் பிடுங்கித் தன் சார்ஜரைச் செருகினான். கொஞ்ச நேரத்தில் டவலோடு ஜான்சனும் வந்தான். பிறகு மற்றவர்கள். நான் டேபிள் ஃபேனைத் திருப்பி மனிதர்கள் பக்கம் வைத்தேன். "வீட்ல சரியா ஓடலியா?" என்று கேட்டதற்கு ஏழுமலை சொன்னான்:

"ஊட்ல சூப்பரா ஓடுதுண்ணே. ஜெயிக்கறதுக்கு ஒரு மிஷினு போதும், தோக்கறதுக்குத்தான் நாலு பேரு வேணும்."

டெஸ்க்டாப்பா லேப்டாப்பா என்று இத்தனை வருஷம் ஆராய்ந்து நான் கண்டுபிடித்தது இதுதான்: கேம் நன்றாக ஓட முதலில் வேண்டியது ஒரு பழைய பிளாஸ்டிக் நாற்காலி, அதை ஒட்டினாற்போல் இன்னொன்று.