சின்னம்மாவின் பங்கு அரிசி

என் சின்னம்மா புருஷனை விட்டு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வந்த நாளிலிருந்து அந்த மனிதரைப் பற்றி அவள் பேசியது குறைவு. அவர் இன்னொரு பெண்ணைக் கட்டிக்கொண்டதைப் பற்றிப் பேசியது அதைவிடக் குறைவு. ஓயாமல் பேசியது ரேஷன் அரிசியைப் பற்றித்தான். அவள் பெயர் இன்னமும் எறையூரில் அந்த வீட்டு ரேஷன் கார்டில் இருந்தது. மாதம் பிறந்தால் அவள் தலைக்கு உண்டான அரிசியை அவர்கள் வாங்கிப் பொங்கித் தின்றார்கள்.

“என் அரிசியத் தின்னு தின்னுதான் அவ அப்படி ஊதிப் போயிருக்கா” என்பாள். அந்தப் பெண்ணை அவள் பார்த்தே பல வருஷம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் அந்தப் பெண்ணுக்கு எறையூர்க்காரி என்று பெயர்.

எங்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். சின்னம்மா தா.பழூரில் என் அம்மாவோடுதான் இருந்தாள். அக்காவும் தங்கையும் சேர்ந்து நடவுக்கும் களையெடுப்புக்கும் போவார்கள், சோற்றுக்குக் குறைவில்லை. “ஒரு மனு போட்டா பேரை எடுத்துடுவாங்க சின்னம்மா, அப்புறம் எப்படி உன் அரிசிய வாங்குவாங்க?” என்று பல தடவை கேட்டிருக்கிறேன். உடனே மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவாள்.

மாரில் கட்டி இருந்ததை ஒரு நடவுக் காலம் முழுக்க அவள் யாரிடமும் சொல்லவில்லை. பம்பு செட்டில் குளிக்கும்போது அம்மா பார்த்துவிட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அரியலூரில் ஒரு கம்பி, சிமெண்ட் கடையில் நான் கணக்குப் பார்க்கிறேன். லீவு சொல்லிவிட்டு, வழியெல்லாம் திட்டிக்கொண்டே அவளைத் திருச்சிக்கு ரயிலேற்றிக் கொண்டுபோனேன். அவள் ஜன்னல் வழியாக வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பயத்தில்தான் அப்படித் திட்டினேன் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும்.

டாக்டரம்மா சின்ன வயசு. “ஆபரேஷன் பண்ணணும், மருந்து ஏத்தணும், அப்புறம் கரண்ட் வைக்கணும், அதான் ரேடியேஷன். குணமாக்கலாம்மா, ஆனா தள்ளிப் போடாதீங்க” என்றார். கீழே கவுண்டரில் இருந்தவர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றதும் ஒரு தொகையைச் சொன்னார். நான் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். சின்னம்மா காதில் கிடந்த தோடு அதற்குள் ஸ்கேனுக்கே போயிருந்தது.

கவுண்டர்க்காரர் நல்ல மனிதர். அரசாங்கக் காப்பீட்டு அட்டை எடுத்துவிட்டால் முக்கால்வாசிச் செலவு அதிலேயே போய்விடும் என்று பொறுமையாகச் சொன்னார். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று, இவ்வளவுதான் வேண்டும்.

எனக்குப் பேசத் தெரியும், எந்த ஆபீஸிலும் காரியம் முடித்துவிடுவேன் என்று ஒரு எண்ணம் உண்டு. அந்த எண்ணம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. புதுக் கார்டு வேண்டும் என்றால் முதலில் எறையூர்க் கார்டில் பெயரை நீக்க வேண்டும், பிறகு இங்கே விண்ணப்பிக்க வேண்டும், வீட்டை வந்து பார்ப்பார்கள், அப்புறம்தான் கார்டு வரும். எத்தனை மாதம் என்று யாரும் சொல்லவில்லை. அம்மாவின் கார்டில் சேர்க்கலாம் என்றால், காப்பீட்டுக்கு அக்காவும் தங்கையும் ஒரே குடும்பம் ஆகமாட்டார்களாம். கடை முதலாளி கொஞ்சம் கொடுத்தார். ஒரு அறக்கட்டளையில் போய் உட்கார்ந்தேன், அவர்களும் முதலில் அட்டையை எடுத்து வாருங்கள் என்றார்கள். திரும்பவும் கவுண்டர்க்காரரிடமே போய் நின்றேன்.

“அவங்க சட்டப்படி பிரியலைல்ல? அந்தக் கார்டுல மனைவின்னுதானே இருக்கு? அப்ப அந்தக் கார்டை வச்சே எடுக்கலாமேம்மா” என்றார்.

இதை நான் வந்து சொன்னதும் சின்னம்மா தட்டைத் தள்ளி வைத்தாள்.

“அந்த வூட்டு வாசல்ல போயி நான் நிக்கணுமா? அதுக்கு இந்தக் கட்டியோடயே போயிச் சேந்துடுறேன்.”

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “கார்டுல ஆதார் சேக்கணும்னு அவங்க ஆள் விட்டுக் கேட்டப்ப, ஓடிப் போயி ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தவ நீதானே? அன்னிக்குக் குடுக்காம இருந்தா பேரு தானா போயிருக்கும். இப்ப என்ன வீம்பு?” என்றாள்.

சின்னம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: “எம் பேரு போனா அவ பேரு ஏறிடும்ல.”

எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. வீடு போய்விட்டது, புருஷன் போய்விட்டான், மனைவி என்ற அந்த ஒரு வார்த்தை மட்டும் அவளிடம் மிச்சம் இருந்தது. அரிசிக்காகத் திட்டிக்கொண்டே அதைப் பத்திரமாகப் பிடித்து வைத்திருக்கிறாள். என் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க இன்னும் கொஞ்சம் திட்டினேன்.

மறுநாள் அவளிடம் சொல்லாமல் நானே எறையூர் போனேன். கரும்பு வெட்டுக் காலம். அந்த ஊர்ச் சர்க்கரை ஆலையை நெருங்கும் முன்பே பஸ்ஸுக்குள் பாகு வாடை வந்துவிட்டது. கார்டைத் தர மாட்டேன் என்றால் என்ன பேசுவது, கொடுத்துவிட்டுக் குத்திக் காட்டினால் என்ன பேசுவது என்று இரண்டுக்கும் வார்த்தை தயாராக வைத்திருந்தேன். சித்தப்பா வேலைக்குப் போயிருந்தார். எறையூர்க்காரி வாசலில் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள். ஊதிப் போனவள் இல்லை, குச்சியாக இருந்தாள்.

நான் யார் என்று சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு, “வாம்மா, உள்ள வா” என்றாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் முதலில் கேட்டது, “எந்தப் பக்கம்?” இடது பக்கம் என்றேன். அவள் கை தானாகத் தன் மாருக்குப் போனது. பிறகு எழுந்து போய் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்த கார்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.

“அவரு வந்து கையெழுத்துப் போடுவாரு, நான் சொல்றேன். வருமானச் சான்றுக்கு நாளைக்கே வி.ஏ.ஓ.கிட்ட அனுப்புறேன்.”

தயாரித்து வைத்திருந்த வார்த்தைகளை என்ன செய்வது என்று தெரியாமல் கார்டைப் பார்த்தேன். சித்தப்பா பெயர், சின்னம்மா பெயர், எறையூர்க்காரி பெற்று இப்போது திருப்பூரில் வேலை செய்யும் மகன் பெயர். “உங்க பேரு இல்லையே” என்றேன்.

“ஒரு கார்டுல ரெண்டு பொண்டாட்டி எப்படிம்மா போடுவாங்க? எனக்குக் கர்ப்பப்பை எடுத்தப்ப அட்டை இல்லன்னுட்டாங்க. ஆட்ட வித்துத்தான் கட்டுனோம். இதெல்லாம் அதுக்கப்புறம் வாங்குன குட்டிங்க.” குறை சொல்வது போல் அவள் சொல்லவில்லை. டீயில் சர்க்கரை போதுமா என்று கேட்டாள். கிளம்பும்போது, “வரேன் சித்தி” என்றேன். அந்த வார்த்தை என் வாயில் வந்ததை அம்மா கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாளோ.

சின்னம்மாவைப் பெரம்பலூர் கலெக்டர் ஆபீஸுக்கு அழைத்துப் போக அம்மா அழ வேண்டியிருந்தது. காப்பீட்டு அட்டைக்குப் போட்டோ எடுக்கும் அறையில் சித்தப்பாவும் அவளும் அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள், நடுவில் ஒரு ஆள் உட்காரலாம் போல இடம் விட்டு. அவர் தலை குனிந்தே இருந்தார். கேமரா முன்னால் இருந்த பெண், “குடும்பத்துல எல்லாரும் வந்தாச்சா?” என்று கேட்டாள். மகன் வர முடியவில்லை என்று சித்தப்பா சொன்னார். வெளியே வேப்பமரத்தடியில் சித்தி எங்கள் எல்லாருக்கும் புளிசாதம் கட்டி எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சின்னம்மா அதைச் சாப்பிடவில்லை. பஸ்ஸில் பசி தாங்காமல் கடலை மிட்டாய் வாங்கித் தின்றாள்.

அட்டை கிடைத்தது, ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அடுத்த பாடு, கூட இருக்க ஆள். பெண்கள் வார்டில் துணைக்குப் பெண்தான் இருக்க வேண்டும். அம்மாவுக்கு மூட்டு வலி, தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது. எனக்கு லீவு தீர்ந்துபோயிருந்தது. இதற்கெல்லாம் எந்தத் திட்டத்திலும் அட்டை கிடையாது. யாரைக் கேட்பது என்று நான் ஒவ்வொரு சொந்தமாக நினைத்துக் கழித்துக்கொண்டிருந்தபோது, சித்தி பாயும் பிளாஸ்க்குமாக வார்டு வாசலில் வந்து நின்றாள். ஆடுகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

சின்னம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சித்தி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. ரத்தம் வடியும் குழாயைப் பிடித்துக்கொண்டு அவளைக் கழிவறைக்கு நடத்திப் போனாள், முதுகு துடைத்துவிட்டாள், கஞ்சியை ஆற்றிக் கொடுத்தாள். “இதுக்கு நான் செத்தே போயிருக்கலாம்” என்று சின்னம்மா என் காதில் முணுமுணுத்தாள். மறுவாரம் நான் போனபோது, “அவ சாப்டாளான்னு கேளு” என்று என்னிடம் சொன்னாள். சித்தி இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தாள்.

பிறகு ஒரு நாள் நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கும்போது, சின்னம்மா நேராக அவளிடமே கேட்டுவிட்டாள்.

“ஏண்டி, எம் பங்கு அரிசிய என்னடி பண்ண இத்தன வருசமா?”

சித்தி யோசித்தாள். “சோத்துக்கு ஒத்துக்காதுக்கா. இட்லிக்கு ஊறப் போட்டுடுவேன். இட்லி பஞ்சு மாதிரி வரும்.”

“எல்லாமேவா?”

“மிச்சத்த கோழிக்குப் போட்டேன்.”

“கோழிக்கா?” என்றாள் சின்னம்மா. தையல் வலிக்க வலிக்க, மாரைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து எட்டிப் பார்த்தார். இருபது வருஷக் கோபத்தைக் கோழி தின்றிருக்கிறது. சித்தியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். நான் ஆரஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருந்து ஏற்றி, முடி கொட்டி, கரண்ட் வைத்து எல்லாம் முடியக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆனது. முறை போட்டுக்கொண்டு அம்மாவும் நானும் சித்தியும் மாறி மாறி அழைத்துப் போனோம். நோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் ரயிலில் சலுகை உண்டு என்று கவுண்டர்க்காரர்தான் படிவம் கொடுத்தார். சின்னம்மா தேறினாள்.

திருமழபாடிக்குப் போக வேண்டும் என்று கேட்டாள். நானும் அவளும் மட்டும் போனோம். கோயிலை விட்டு வந்து கொள்ளிடக் கரையில் உட்கார்ந்தோம். புதிதாக முளைத்த குட்டை முடியைத் தடவிக்கொண்டே, “எம் பேர எடுக்க என்னமோ மனு எழுதணும்னியே, எழுதித் தரியா?” என்றாள்.

நான் விளக்கினேன். இன்னும் சில வருஷம் செக்கப்புக்குப் போக வேண்டும். பெயரை எடுத்தால் அட்டை போய்விடும். புதுக் கார்டு வருவதற்குள் மறுபடி ஏதாவது வந்தால் என்ன செய்வது? அவளுக்கும் சித்திக்கும் வேறு வழி இருக்கிறதா என்று ஆபீஸில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன், அதுவரைக்கும் பெயர் இருக்கட்டும் என்றேன்.

“அதுவரைக்கும் அவளுக்கு ஒண்ணு வந்தா?”

சின்னம்மா ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோயிலில் என்ன வேண்டிக்கொண்டாய் என்று பேச்சை மாற்றினேன்.

“இத்தன வருசமா எந்தக் கோயிலுக்குப் போனாலும் அவளுக்கு ஏதாவது வரணும்னுதான் வேண்டுனேன். அதெல்லாம் சாமி காதுல விழுந்திருக்கக் கூடாதுன்னு இன்னிக்கு வேண்டிக்கிட்டேன்” என்றாள்.