இரண்டடி நாலு இஞ்ச்

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஒரு வீட்டுக்குள் இரண்டடி நாலு இஞ்ச் இடத்தைக் காணவில்லை.

சிரிக்காதீர்கள். அளந்தது நான்!

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஆனால் தென்காசியில் எந்தத் தெருவில் நின்றாலும் நான் கட்டிய மாடி ஒன்றாவது கண்ணில் படும். படித்த என்ஜினீயர்களே என் டேப்பைப் பார்த்துத்தான் தங்கள் டேப்பைச் சந்தேகப்படுவார்கள். அடி, இஞ்ச், இஞ்ச்சில் எட்டில் ஒரு பங்கான நூல் — எல்லாம் ஒரே பார்வையில் சொல்வேன். கண்ணாடி போடாமல்!

வீடு, குற்றாலம் போகும் சாலையில். பழைய சுண்ணாம்புக் கட்டடம். சொந்தக்காரர் கோமதியம்மா, அறுபதைத் தாண்டியவர். தனி ஆள். சீசனுக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுவது போல மாற்றித் தரச் சொன்னார். கொத்தனார் மாடசாமியோடு போனேன். வெளியே சாரல். உள்ளே பகலிலேயே லைட் போடுகிற இருட்டு.

வரிசையாக மூன்று அறைகள். அளந்து நோட்டில் எழுதினேன். 12.10, 9.11, 8.10. அதாவது பன்னிரண்டடி பத்து இஞ்ச், ஒன்பதடி பதினோரு இஞ்ச், எட்டடி பத்து இஞ்ச். அடிக்கும் இஞ்ச்சுக்கும் நடுவே ஒரு புள்ளி — நாற்பது வருடப் பழக்கம். வழக்கமாக மனக்கணக்குதான். அன்று கையில் புது போன். விடுவேனா? தட்டினேன். நாலு சுவருக்கும் கனம் ஓரடி வீதம் சேர்த்தேன். 33.31 என்றது. முப்பத்து மூன்றடி மூன்று இஞ்ச் சொச்சம்!

வெளியே போய் நனைந்துகொண்டே அளந்தேன். முப்பத்தைந்தடி ஏழு இஞ்ச் இரண்டு நூல்.

மறுபடி அளந்தேன். அதேதான்.

"உள்ளுக்க எங்கனயோ ஒரு சந்து விட்டு அடைச்சு வச்சிருக்காங்க தாயி," என்றேன். "ரெண்டடி நாலு இஞ்ச். ஒரு ஆளு தாராளமா நிக்கலாம்."

விளையாட்டாகத்தான் சொன்னேன். கோமதியம்மா சிரிக்கவில்லை. மூன்றாவது அறைக்குப் போய்க் கடைசிச் சுவரில் உள்ளங்கையை வைத்தார்.

"இங்கனதான் அண்ணாச்சி."

பிறகு சொன்னார். அவர் தம்பி சங்கரன். பதினேழு வயதில் அப்பாவோடு சண்டை போட்டுவிட்டு, அருவியில் குளித்து வருகிறேன் என்று துண்டோடு போனவன். திரும்பவில்லை. தேடாத இடமில்லை. அந்த வாரமே அப்பா இந்தச் சுவருக்குப் புதுப் பூச்சு பூசியிருக்கிறார்.

"ஏம்ப்பான்னு கேட்டேன். ஓதம் அடிக்குன்னாரு. எத்தனை தடவை பூசினாலும் இந்த இடம் மட்டும் காயமாட்டேங்குது அண்ணாச்சி."

தொட்டுப் பார்த்தேன். ஆள் உயரத்துக்கு ஈரம். காதை வைத்தேன். உள்ளே... தண்ணீர் விழுகிற சத்தம்.

மாடசாமி கடப்பாரையை மெல்லக் கீழே வைத்தான். "அண்ணாச்சி, நான் பிள்ளகுட்டிக்காரன்."

"ஏலே, மாடன் பேர வச்சிக்கிட்டு பயப்படுதியாக்கும்?" என்றேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

கோமதியம்மா உள்ளே போய் வந்தார். கையில் மடித்த, உலர்ந்த துண்டு.

"இடிங்க. ரொம்ப நேரமா நனைஞ்சுக்கிட்டு நிக்கான்."

மாடசாமி, கடப்பாரையைத் தொடாமல் இருக்க ஒரு சாக்கு வேண்டி என் நோட்டை எடுத்தான். விரல் விட்டுக் கூட்டினான்.

"அண்ணாச்சி... பத்தும் பதினொண்ணும் பத்தும் முப்பத்தோரு இஞ்ச்சுல்லா? அதுவே ரெண்டடி ஏழு இஞ்ச் ஆச்சே. அது எங்க போச்சு?"

எங்கே போகும்? போனுக்குள் போயிருந்தது! பன்னிரண்டு இஞ்ச் சேர்ந்தால் ஓரடி என்று அதற்கு யார் சொன்னது? என் முப்பத்தோரு இஞ்ச்சை, ஓரடியை நூறாக்கி அதில் முப்பத்தோரு பங்காக, புள்ளிக்குப் பின்னால் நசுக்கி வைத்திருந்தது. ஒழுங்காகக் கூட்டினால் முப்பத்தைந்தடி ஏழு இஞ்ச். சந்துமில்லை, ஒரு மண்ணுமில்லை.

ஆனால் துண்டோடு நிற்கிறவரிடம் இதை எப்படிச் சொல்வது? ஒரு மணி நேரத்தில் தம்பியைக் கண்டுபிடித்துக் கொடுத்தவன் நான். இப்போது மறுபடி தொலைக்க வேண்டியவனும் நான்.

"தாயி, தப்பு என் மேலதான். உள்ள இடமே கிடையாது. வெளி அளவும் உள் அளவும் ஒத்துப் போகுது. ரெண்டு நூல்தான் வித்தியாசம்."

"ரெண்டு நூலுன்னா எம்புட்டு?"

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒட்டினாற்போல் பிடித்துக் காட்டினேன். கால் இஞ்ச். அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போதும் அண்ணாச்சி. அவன் ஒல்லிதான்."

துண்டைச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

நான் வெளியே ஓடிப்போய் அந்தச் சுவரின் பின்பக்கம் பார்த்தேன். குழாய் எதுவும் இல்லை.

வேலை நடக்கிறது. அந்த ஒரு சுவரை மட்டும் நாங்கள் தொடவில்லை. 'பூச்சு புடைத்திருக்கிறது' என்று எழுதி இரண்டு நூலை நோட்டில் நேர் செய்திருக்கலாம். இன்னும் எழுதவில்லை.

நேற்று போனபோது துண்டைத் தொட்டுப் பார்த்தேன். சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஈரச் சுவரில் தொங்கினால் நனையாதா என்கிறீர்களா?

நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.