சாமிக்குத் தொண்டை போன தவக்காலம்

எங்கள் தொழிலுக்கு முதல் எதுவும் வேண்டாம், தொண்டை ஒன்று இருந்தால் போதும். பூசை, பிரசங்கம், கல்யாணம், அடக்கம், பங்குப் பேரவைச் சண்டை எல்லாம் அதை வைத்துத்தான் ஓடுகிறது. வாத்தியார்களே, பஸ் கண்டக்டர்களே, கால் சென்டர் பிள்ளைகளே, கத்திப் பிழைக்கும் உங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

நான் பழுப்பு அங்கி போட்டு இடுப்பில் கயிறு கட்டிய துறவி. பெங்களூரில் நீலசந்திராவை ஒட்டிய ஒரு கோயிலில் பங்குத்தந்தை. ஏழ்மை வாக்கு கொடுத்திருப்பதால் எனக்கென்று சொத்து கிடையாது. குரலை மட்டும் சொந்தச் சொத்தாக நினைத்துக்கொண்டிருந்தேன். பெரிய வெள்ளி பிற்பகலில் இயேசு பாடுபட்ட வரலாற்றை மூன்று பேர் பாடுவோம். இயேசு பேசும் வரிகள் என்னுடையவை. அதைக் கேட்கத் தொம்மலூரிலிருந்துகூட ஆள் வரும். எனக்கு அதில் தலைக்கனமும் உண்டு.

டாக்டரம்மா

இந்தத் தவக்காலம் தொடங்கும்போதே குரல் கரகரத்தது. தொண்டைக்குள் சின்னதாக ஒரு கட்டி என்றார்கள். அதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கெட்ட கட்டியாக இருக்குமோ என்று பயந்தேன். உள்ளதைச் சொன்னால், பெரிய வெள்ளிக்குப் பாட முடியாதோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"பாட வருமா?" என்று எழுதி டாக்டரம்மாவிடம் நீட்டினேன். அவர் கன்னடக்காரர், தமிழும் நன்றாகப் பேசுவார்.

"பேச்சு வரும் ஃபாதர், பாட்டுக்கு கேரண்டி இல்ல. நான் சொல்ற வரைக்கும் வாயே தெறக்கக் கூடாது, கிசுகிசுன்னு பேசுறதும் கூடாது. பிரேயரெல்லாம் மனசுக்குள்ள பண்ணுங்க, அவருக்குக் கேக்கும்."

பஞ்சாயத்து

பாவமன்னிப்பை வாயால் சொன்னால்தான் செல்லும். அதனால் பூசையையும், பாவசங்கீர்த்தனம் கேட்பதையும் மடத்தில் இருந்த இன்னொரு சாமியார் எடுத்துக்கொண்டார். ஆனால் குடும்பச் சண்டைகள் மட்டும் வழக்கம்போல என் அறைக்கே வந்தன.

பெயின்டர் அந்தோணியும் அவர் மனைவி ஸ்டெல்லாவும் தவக்காலத்தில் தவறாமல் சண்டையோடு வருவார்கள். இந்த முறை, மச்சான் வீட்டு விசேஷத்துக்கு அந்தோணி போகவில்லை என்பது வழக்கு. வழக்கமாக அரை மணி நேரம் அறிவுரை சொல்வேன். அதை வாசலைத் தாண்டும் முன்பே மறந்துவிடுவார்கள். இப்போது தொண்டையைத் தொட்டுக் காட்டிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவர் கத்தினார், இவள் கத்தினாள். இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் அசையவில்லை. கத்தல் மெல்ல மெல்ல இறங்கியது. அந்தோணி, "சரி, ஞாயித்துக்கெழம போயிட்டு வந்துடலாம்" என்று முனகினார்.

ஸ்டெல்லா அவர் சட்டையைப் பிடித்து எழுப்பினாள்: "வாய்யா போலாம், சாமி பயங்கரக் கோவத்துல இருக்காரு."

ஆட்டோ

பரிசோதனை முடிவை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நாள். ஆஸ்டின் டவுனில் ஓர் ஆட்டோவை நிறுத்தி, போகும் இடத்தைப் போனில் காட்டினேன். ஓட்டுநர் தமிழர். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மீட்டரைப் போட்டார். பெங்களூரில் வாழ்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இதை அற்புதம் என்று பிஷப்புக்கே எழுதலாம்.

முடிவு நல்லபடியாக வந்தது, கெட்ட கட்டி இல்லை. வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதேன். என்னை ஏற்றி வந்த ஆட்டோக்காரர் அங்கேயே காத்திருந்தார். திரும்பும்போதும் மீட்டர்தான். ஏன் என்று கையால் கேட்டேன்.

"ஏறுற எல்லாரும் மீட்டர் போடு, மீட்டர் போடுன்னு கத்துறாங்க ஃபாதர். நீங்க ஒருத்தர்தான் கத்தல, அதான் போட்டேன்."

சேவியரின் யோசனை

பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம் பேச அனுமதி கிடைத்தது. பேச்சு வந்தது, தகரத்தை இழுத்த மாதிரி. பாட வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. பாடகர் குழு நடத்தும் சேவியர் அதைக் கேட்டார். பிறகு கதவைச் சாத்திவிட்டுப் போனை எடுத்தார். அதில் போன வருடம் நான் பாடியது முழுசாக இருந்தது. ஸ்பீக்கரில் அதைப் போடுவாராம், நான் வாயை மட்டும் அசைக்க வேண்டுமாம்.

ஒரு நிமிடம் எனக்கு ஆசை வந்தது. அந்தக் குரல் அவ்வளவு நன்றாக இருந்தது. அப்புறம் வேண்டாம் என்று தலையாட்டினேன். சேவியருக்கு வருத்தம்.

"கல்யாண ஆர்கெஸ்ட்ரால எல்லாரும் அதான சாமி பண்றாங்க!"

தாகம்

பெரிய வெள்ளியன்று மற்ற இருவரும் பாட, என் வரிகளை நான் வாசித்தேன். கோயில் நிறைந்திருந்தது. முதல் வரியிலேயே பலர் நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது, புத்தகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சிலுவையில் தொங்கும் இயேசு "தாகமாய் இருக்கிறது" என்று சொல்லும் இடம் வந்தது. வருடா வருடம் நான் இழுத்து இழுத்துப் பாடும் வரி அது. பாதியில் குரல் அடைத்து, மிச்சம் வறட்டு மூச்சாகத்தான் வந்தது.

முடிந்ததும் உள்ளே போய், யார் முகத்தையும் பார்க்காமல் வழிபாட்டு மேலங்கியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கோயில் கேட்டுக்குப் பக்கத்தில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் சகாயமேரி வந்து நின்றார். பாட்டைப் பற்றித் துக்கம் விசாரிக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். கையில் சூடாகச் சீரகத் தண்ணீர் வைத்திருந்தார்.

"வருசா வருசம் தாகம்னு பாடுவீங்க, எவ்ளோ நல்லாப் பாடறாருன்னு கேட்டுட்டுப் போயிடுவேன் சாமி. இன்னிக்குத்தான் யாராச்சும் தண்ணி குடுங்களேன்டான்னு இருந்துச்சு."

ஆக, சக தொண்டைக்காரர்களே, நன்றாகப் பாடினால் பாராட்டு கிடைக்கும், பாட முடியாமல் போனால் சீரகத் தண்ணீர் கிடைக்கும், என் அனுபவத்தில் தாகத்தைத் தீர்ப்பது இரண்டாவதுதான்.