செத்தவர்கள் வீடு திரும்பிய படம்

அப்பாவின் சைக்கிள் பாரில் உட்காரும் உரிமை எனக்குத்தான் இருந்தது, சித்தப்பா மகள் எங்கள் வீட்டுக்கு வரும்வரை. வந்ததும் அது அவளுக்குப் போனது. அடுத்து, கோழிக் கறியில் ஈரல். அதற்கடுத்து, பாயில் சுவரோரத்து இடம். என்னைவிட ஒரு வயது இளையவள். பிறந்தபோதே தாயை இழந்தவள். மலாயாவில் ராணுவமும் காட்டுக் கம்யூனிஸ்டுகளும் மோதிய அவசரகாலத்தில், காட்டோரம் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுக்கப் போன சித்தப்பா சுடப்பட்டார். சுட்டது யார் என்று எங்கள் முன்னால் யாரும் பேசவில்லை. பெட்டி மூடியே வந்தது, மூடியே குழிக்குள் இறங்கியது. அவள் அழவில்லை. அழாதவளுக்கு எதற்கு ஈரல் என்று நினைத்தேன்.

கோல சிலாங்கூர் சாலையை ஒட்டிய எங்கள் தோட்டத்தைச் சுற்றி அப்போது முள்வேலி. இருட்டினால் ஊரடங்கு. அதனால் படம் காட்டுபவர்கள் ஞாயிற்றுக்கிழமை பகலிலேயே வந்து, ரப்பர் ஸ்டோரின் சன்னல்களைச் சாக்கால் மறைத்துத் திரை கட்டினார்கள்.

மலாய்ப் படம். ஒரு கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், செத்தவர்கள் குழியிலிருந்து எழுகிறார்கள். யாரையும் கடிக்கவில்லை, துரத்தவில்லை. மண் ஒட்டிய உடம்போடு அவரவர் வீட்டு வாசலில் வந்து பேசாமல் நிற்கிறார்கள். உள்ளே இருப்பவர்கள் கதவைத் திறப்பதா, வேண்டாமா? ஸ்டோரில் இருமல் சத்தம்கூட இல்லை. அப்பாவின் கையைப் பிடிக்கப் போனேன். அதை ஏற்கெனவே அவள் பிடித்திருந்தாள்.

கடைசியில் ஒரு மந்திரவாதி வந்தார். யாரும் சாகவே இல்லையாம். நிலத்துக்கு ஆசைப்பட்ட ஒருவன் வேர்ச்சாறு கொடுத்து மயங்க வைத்தானாம். மாற்று மருந்து குடித்ததும் எல்லாரும் சிரித்தார்கள், குடும்பத்தோடு உட்கார்ந்து சோறு சாப்பிட்டார்கள், பாட்டும் பாடினார்கள்.

“இதுக்கா இவ்ளோ நேரம் மூச்சப் புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன்?” என்றார் எங்கள் வேலையை மேற்பார்க்கும் மண்டோர்.

“அந்தச் சாறு கெடச்சா எனக்கும் குடுங்க லா மண்டோரே, ரெண்டு நாளு வேலைக்கு வராம படுத்துக்கிறேன்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். ஸ்டோரே சிரித்தது.

வீட்டுக்கு வரும் வழியில் நான் குறைகளை வரிசையாக அடுக்கினேன். மண்ணுக்குள் மூச்சு விட்டது எப்படி? இத்தனை நாள் என்ன சாப்பிட்டார்கள்? குளிப்பாட்டியவர்களுக்கு உடம்பில் சூடு தெரியாதா? அப்பா பாராட்டுவார் என்று காத்திருந்தேன்.

“சும்மா வாம்மா” என்றார்.

அவள் மட்டும், “பெரியப்பா, இந்தப் படத்த இன்னொரு தடவ போடுவாங்களா?” என்று கேட்டாள்.

அடுத்த ஞாயிறு பக்கத்துத் தோட்டத்தில் அதே படம். அப்பா தோட்டத்து ஆபீஸ் கிராணியிடம் கெஞ்சி அனுமதி வாங்கி, அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டார். நானும் வருகிறேன் என்றேன்.

“ஒனக்குத்தான் அந்தப் படம் புடிக்கலயே.”

நியாயமான பதில். அதனால்தான் எனக்கு அழுகை வந்தது. தோட்டத்து வாசலில், காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்கு அரிசி கடத்துகிறார்களா என்று காவலர்கள் அவள் கவுன் பையைத் துழாவுவதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். ஒரு பிடி அரிசியாவது அகப்பட வேண்டும் என்று முருகனை வேண்டிக்கொண்டேன். அகப்படவில்லை.

இருட்டுவதற்குள் திரும்பினார்கள். அப்பா நேராகக் கிணற்றடிக்குப் போய் நெடுநேரம் முகம் கழுவினார். அவளோ இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

“முடிவ மாத்திட்டாங்களா?” என்று கேட்டேன்.

“இல்லக்கா. அதேதான். யாருமே சாகல.”

அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதி. மாறாத முடிவைப் பார்க்க இவ்வளவு தூரம் போய் வந்திருக்கிறாளே, இவளைவிட நான்தான் கெட்டிக்காரி என்று எனக்கும் நிம்மதியாக இருந்தது.