ரன்வே லைட்டுக்கு வெச்ச பொட்டு

போன வாரம் திருவண்ணாமலை பக்கத்துல வேங்கிக்கால்ல ஒரு புது வீட்டுக்கு டைல்ஸ் இறக்கப் போனேன். மேஸ்திரி தரையில ரசமட்டத்தை வெச்சு, கண்ணாடிக்குள்ள ஓடற குமிழியையே மொறைச்சுகினு இருந்தாரு. எனக்கு அப்படியே பழைய டீசல் வாசனையும் வெட்டுன புல்லு வாசனையும் மூக்குல ஏறிடுச்சு. ஏன்னா, ஒரு காலத்துல நான் பிளேன் இறக்கிகினு இருந்தவன்.

சிரிக்காதீங்க. கீழ்பென்னாத்தூர்ல மாமனார் வீட்டுல அப்படித்தான் அளந்து விட்டிருந்தேன். நெஜத்துல, வெளியூர்ல ஒரு சின்ன ஏர்போர்ட்டுல கான்ட்ராக்ட்டுல புல்லு பிடுங்கி, லைட்டு கண்ணாடி தொடைக்கற வேலை.

ரன்வே ஓரமா நாலு பெட்டி, ஒவ்வொண்ணுக்குள்ளயும் லைட்டு. மேல இருந்து பாத்தா வெள்ளை, கீழ இருந்து பாத்தா சிவப்பு. பெட்டிக்குப் பெட்டி சாய்வு கொஞ்சம் கொஞ்சம் வேற. பைலட்டுக்கு ரெண்டு வெள்ளை, ரெண்டு சிவப்பு தெரிஞ்சா சரியான உயரத்துல வராருன்னு அர்த்தம். நாலும் சிவப்புன்னா ரொம்பக் கீழ வந்துட்டாரு. டெக்னீஷியன் காதர் பாய் தெனமும் ஃபிளைட்டுக்கு முன்னாடி என்னை ஜீப்புல ஏத்திகினு போய், லைட்டு எரியுதா, கண்ணாடி சுத்தமான்னு பாப்பாரு. அப்பப்ப பெட்டி மேல ரசமட்டம் மாதிரி ஒண்ணை வெச்சு சாய்வும் பாப்பாரு. மயிரிழை கம்மின்னாலும் விட மாட்டாரு.

ஒரே லைட்டு எப்படி ரெண்டு கலர் காட்டும்? எனக்கு மண்டை கொடையும். எதிர்ல போய் உக்காருவேன், சிவப்பு. எழுந்திருப்பேன், வெள்ளை. மறுபடி உக்காருவேன்.

"யோவ் திருவண்ணாமலை, புள்ளையாருக்கா தோப்புக்கரணம் போடற?"ன்னாரு பாய்.

"ஏன் பாய் மாறுது?"

"உள்ள பாதிக்கு சிவப்புக் கண்ணாடி இருக்குய்யா."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். ஆனா முன்னாடி கண்ணாடியில அழுக்கு இருந்தா மொத்தமும் நாசம்."

அப்ப ஆயுத பூஜை வந்துச்சு. ஆபீஸ்ல கம்ப்யூட்டருக்குப் பொட்டு, ஜீப்புக்கு மாலை, புல்லு வெட்டற மெஷினுக்குக் கூட சந்தனம். எனக்கு சோறு போடற நாலு பெட்டி மட்டும் வெயில்ல அனாதையா நிக்குது. மனசு கேக்கல. பாய் வயர்லெஸ்ல டவர் கூட பேசிகினு இருந்த நேரம் பாத்து, தொடைச்ச கண்ணாடி நாலுத்துலயும் எங்க ஊரு முறைப்படி பட்டையா திருநீறு, நடுவுல குங்குமம். கன்னத்துல வேற போட்டுகினேன்.

பாய் லைட்டைப் போட்டு, எதிர்ல போய் பாத்தாரு. அப்படியே நின்னுட்டாரு.

"யோவ், வெள்ளை எங்கய்யா? நாலும் ரோஸ் கலரா இருக்கு!"

"பூஜை பாய்..."

"பைலட்டு இதுல எதைப் பாத்துய்யா இறங்குவாரு? இருபது நிமிஷத்துல ஃபிளைட்டு!"

டவருக்கு சொல்லிட்டு ஓடி வந்தாரு. துணியால தேய்ச்சா குங்குமம் இன்னும் ஜாஸ்தியா இழுவுது. குடிக்க வெச்சிருந்த தண்ணியை ஊத்தி, ரெண்டு பேரும் பனியனைக் கழட்டித் தொடைச்சோம். வெள்ளை வெள்ளையாச்சு, சிவப்பு சிவப்பாச்சு. பிளேன் ஒழுங்கா இறங்குச்சு.

பாய் தெனமும் செக் பண்ணதை எழுதற நோட்டைத் தொறந்தாரு.

"எழுதாதீங்க பாய். ஏர்போர்ட்டுக்குள்ள போற பாஸைப் புடுங்கிட்டா வேலை போச்சு. மாமனார் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"கண்ணுல பட்டதை எழுதலன்னா நோட்டு எதுக்குய்யா?"

எழுதிட்டாரு. சாயங்காலமே இன்ஜினியர் மேடம் கூப்பிட்டாங்க.

"ஏம்பா வெச்ச?"

"எல்லாத்துக்கும் வெச்சாங்க மேடம். அதுங்களுக்கு மட்டும் யாரும் வெக்கல."

மேடம் சுவரு பக்கம் திரும்பிகினாங்க. தோள் குலுங்குச்சு. அழறாங்கன்னு பயந்துட்டேன், அப்பறம்தான் தெரிஞ்சுது, சிரிப்பு. ஆனா பதினஞ்சு நாள் பாஸை வாங்கி வெச்சுகினாங்க.

திரும்பி வேலைக்குப் போனா, செக் லிஸ்ட்டுல பேனாவால புதுசா ஒரு வரி. பாய் படிச்சுக் காட்டினாரு: 'கண்ணாடியில் பொட்டு இல்லை.' அதுலேர்ந்து தெனமும் பாய் ஜீப்புலேர்ந்து கத்துவாரு, "பொட்டு?" நான் பெட்டிகிட்டேர்ந்து கத்துவேன், "இல்ல பாய்!" அவரு டிக் அடிப்பாரு.

இப்ப பாய் ரிட்டயர் ஆயிட்டாரு, நான் லோடு ஆட்டோ ஓட்டறேன். அந்தப் பெட்டிங்களையும் மாத்திட்டாங்களாம், எல்லாம் எல்.இ.டி. செக் லிஸ்ட்டு கூட கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சாம். போன்ல கேட்டேன், "நம்ம வரி இருக்கா பாய்?"

"தூக்கிட்டாங்கய்யா."

எழுதப் படிக்கத் தெரியாத ஆளு நான். எனக்குன்னு ஒருத்தர் எழுதினது அந்த ஒரு வரிதான்.